கட்டிக்குள் இருக்கும் மற்ற செல்கள்: இரைப்பை, குடல், கணையப் புற்றுநோயில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ன செய்கிறது?

கணையப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது புற்றுநோய் செல்கள் அல்ல. ஸ்லைடு முழுக்க இளஞ்சிவப்பு நிறத்தில் அலையலையாக நார் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நாருக்கு நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கோணல்மாணலான சில குழாய்கள் தெரியும், அவைதான் புற்றுநோய். கட்டியின் பருமனில் பாதிக்கு மேல், பலருக்கு 80 சதவீதம் வரைக்கும்கூட, இந்த நார்ப்பகுதிதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 3 சென்டிமீட்டர் கட்டி என்று போட்டிருந்தால் அதில் பெரும்பகுதி புற்றுநோய் செல்லே இல்லை.

சரி, அந்த நாரை உண்டாக்கியது யார்? நம் உடம்புதான். இணைப்புத் திசுவில் குடியிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் அதை நெய்கின்றன. இவற்றின் மரபணுக்களில் பொதுவாகப் புற்றுநோய்க் கோளாறு எதுவும் இருக்காது. ஆனால் பக்கத்தில் புற்றுநோய் முளைத்ததும் இவற்றின் குணம் மாறிவிடுகிறது. மாறியபின் அந்தப் புற்றுநோய்க்குத் தீனி, பாதை, பாதுகாப்பு எல்லாம் கொடுக்கின்றன. அதே நேரத்தில் இவற்றில் ஒரு பகுதி அந்தப் புற்றுநோயைக் கட்டுக்குள்ளும் பிடித்துவைத்திருக்கிறது, அது தெரியாமல் கை வைத்ததில் மருத்துவ உலகம் ஒருமுறை பலமாக அடி வாங்கியது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

நல்ல நிலையில் இதன் வேலை

உணவுக்குழாயிலிருந்து மலக்குடல் வரைக்கும் நம் உணவுப் பாதையின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய செல் படலம் விரிந்திருக்கிறது. பெரும்பாலான புற்றுநோய்கள் தொடங்குவது அந்தப் படலத்தில்தான். அதற்கு அடியில் இருக்கிறது இணைப்புத் திசு: கொலாஜன் நார், ரத்தக் குழாய், நோய் எதிர்ப்பு செல்கள், இவற்றுக்கு இடையே இரண்டு முனையும் கூராக, நீளமாக, கதிர் மாதிரி உருவத்தில் ஃபைப்ரோபிளாஸ்ட். ஜெர்மன் நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 1858-லேயே இந்தக் கதிர் வடிவ செல்களைப் பற்றி எழுதிவிட்டார். அதற்கப்புறம் ரொம்ப காலம் இவற்றை யாரும் பெரிதாக மதிக்கவில்லை, இடத்தை நிரப்பும் செல்கள் என்ற அளவில்தான் பாடப்புத்தகங்கள் பார்த்தன.

அது எவ்வளவு தவறான பார்வை என்பது பெருங்குடலைப் பார்த்தால் புரியும். குடலின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் குழிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குழியின் அடியிலும் ஸ்டெம் செல்கள் இருந்து புதுப்புது செல்களைப் பெற்றுப்போட, அவை மேலே நகர்ந்து, சில நாளில் உதிர்ந்துவிடும். குழியின் அடியில் 'பெருகு' என்ற சமிக்ஞை வேண்டும், மேலே போகப்போக 'பெருகியது போதும், வேலையைப் பார்' என்ற சமிக்ஞை வேண்டும். இந்த இரண்டிலும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அடியில் சுற்றியிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் வின்ட் என்ற வளர்ச்சிப் பாதையைத் தூண்டும் பொருட்களையும், வளர்ச்சியை நிறுத்தும் சமிக்ஞையைத் தடுக்கும் கிரெம்லின் என்ற புரதத்தையும் சுரக்கின்றன. மேலே இருப்பவை நிறுத்தச் சொல்லும் பிஎம்பி புரதங்களைச் சுரக்கின்றன. அதாவது எந்த செல் எங்கே எவ்வளவு வளரலாம் என்று சொல்லும் அதிகாரம் இவற்றிடம் ஏற்கெனவே இருக்கிறது. புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இருக்கிற இந்த அதிகாரத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது.

ஆறாத காயம்

கையில் கத்தி பட்டால் என்ன நடக்கிறது? ரத்தத் தட்டணுக்களும் மேக்ரோஃபேஜ் என்ற எதிர்ப்பு செல்களும் டிஜிஎஃப்-பீட்டா, பிடிஜிஎஃப் போன்ற புரதங்களை வெளியிடுகின்றன. தூங்கிக்கொண்டிருந்த ஃபைப்ரோபிளாஸ்ட் அதைக் கேட்டு எழுந்து, காயம் பட்ட இடத்துக்கு வந்து, தசை செல்லைப் போலச் சுருங்கும் திறனைப் பெற்று, காயத்தின் விளிம்புகளை இழுத்து மூடுகிறது. கொலாஜனைக் கொட்டித் தழும்பு போடுகிறது. இந்த நிலையில் அதற்கு மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். காயம் ஆறியதும் அந்த செல்களில் பெரும்பாலானவை தானாகவே மடிந்துவிடும், மீதி பழையபடி அமைதியாகிவிடும்.

புற்றுநோய்க் கட்டிக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான், ஒரே ஒரு வித்தியாசம், அது முடிவதில்லை. புற்றுநோய் செல்கள் அதே டிஜிஎஃப்-பீட்டாவை ஓயாமல் விட்டுக்கொண்டே இருப்பதால் ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குக் காயம் இன்னும் ஆறவில்லை என்றுதான் தோன்றும். பாஸ்டனைச் சேர்ந்த ஹெரால்ட் ட்வோராக் 1986-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதிய கட்டுரையின் தலைப்பே கட்டிகள் ஆறாத காயங்கள் என்பதுதான். இப்படிக் கட்டிக்குள் நிரந்தரமாக விழித்தே கிடக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்களைத்தான் புற்றுநோய் சார்ந்த ஃபைப்ரோபிளாஸ்ட் என்கிறார்கள், ஆங்கிலச் சுருக்கம் கேஃப். இனி நானும் கேஃப் என்றே எழுதுகிறேன்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. வருடக்கணக்காக ஆறாமல் கிடக்கும் அழற்சியும் தழும்பும் ஓர் உறுப்பில் இருந்தால், புற்றுநோய்க்கு முன்பே அங்கே மண் தயாராகிவிடுகிறது. கல்லீரலில் தொடங்கும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை சிரோசிஸ் வந்து நாராகிப்போன கல்லீரலில்தான் வருகின்றன. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் இளம் வயதினரிடம் அதிகம் பார்க்கப்பட்ட ஒரு நாள்பட்ட கணைய அழற்சி இருக்கிறது, கணையத்துக்குள் கல் சேரும், சர்க்கரை நோய் வரும். அந்த நோயாளிகளுக்குக் கணையப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். நம் ஊரில் இதைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

புற்றுநோய்க்கு இவை செய்யும் உதவிகள்

கணையத்திலிருந்தே தொடங்கலாம், அங்கேதான் இது உச்சத்தில் இருக்கிறது. கணையத்தில் நட்சத்திர வடிவ செல்கள் சில இருக்கின்றன. சாதாரண நிலையில் வைட்டமின் ஏ-வைக் கொழுப்புத் துளிகளாகச் சேமித்துக்கொண்டு சும்மா இருக்கும். 1998-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியிலும் ஜெர்மனியின் உல்ம் நகரத்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இவற்றைப் பிரித்தெடுத்துக் காட்டின. தூண்டப்பட்டதும் இவை கொழுப்புத் துளியைத் தொலைத்துவிட்டு, கொலாஜன் தொழிற்சாலையாக மாறுகின்றன. நார் இறுகி, அதோடு ஹையலூரோனான் என்ற வழவழப்பான பொருளும் தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ள, கட்டிக்குள் அழுத்தம் ஏறி ரத்தக் குழாய்கள் நசுங்கிப்போகின்றன. கையில் ஏற்றும் கீமோ மருந்து உடம்பு முழுக்கப் போகும், முடி கொட்டும், வாந்தி வரும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குள் சரியாக நுழையாது. கணையப் புற்றுநோயில் கீமோ ஏன் இவ்வளவு திணறுகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் புற்றுநோய் செல் மட்டும் எப்படிப் பிழைக்கிறது என்று கேட்கலாம். 2016-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு அதற்கு ஒரு விடை சொன்னது. நட்சத்திர செல்கள் தம் உடம்பின் உள்பொருட்களைத் தாமே செரித்து, அதில் வரும் அலனின் என்ற அமினோ அமிலத்தை வெளியே விடுகின்றன. புற்றுநோய் செல் அதை எடுத்துக் குளுக்கோஸுக்குப் பதில் எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்கிறது. தன்னைத் தின்று பக்கத்து செல்லுக்கு ஊட்டுகிறது என்று படித்தபோது எனக்கு நம்பவே கஷ்டமாக இருந்தது.

பாதை போடுவதும் இவைதான். படல செல்களுக்கு இயல்பாக நாரைத் துளைத்துக்கொண்டு போகும் சாமர்த்தியம் குறைவு. ஆய்வகத்தில் இரண்டையும் ஒன்றாகக் கொலாஜன் கூழில் வளர்த்துப் பார்த்தபோது ஃபைப்ரோபிளாஸ்ட் முன்னால் போய் நாரை இழுத்தும் கரைத்தும் வழி உண்டாக்க, புற்றுநோய் செல்கள் வரிசையாக அந்த வழியில் பின்னாலேயே போனது வீடியோவில் அப்படியே பதிவானது (2007-ல் வந்த ஆய்வு இது).

அப்புறம் நோய் எதிர்ப்பு. கட்டியைக் கொல்ல வரும் டி செல்களைக் கேஃப்கள் வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. அடர்ந்த நார் ஒரு தடை. சிஎக்ஸ்சிஎல்12, இன்டர்லூக்கின்-6 மாதிரி அவை சுரக்கும் பொருட்கள் இன்னொரு தடை. தோல் புற்றுநோயான மெலனோமாவில் அதிசயம் செய்த, நோய் எதிர்ப்பு செல்களைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்துகள் கணையத்தில் பெரும்பாலானவர்களுக்கு வேலை செய்யாததற்கு இதுவும் சேர்ந்தே காரணம்.

இரைப்பையிலும் பெருங்குடலிலும்

இரைப்பையில் இதன் மிகக் கொடுமையான வடிவம் லினிட்டிஸ் பிளாஸ்டிகா எனப்படும் வகை. இதில் புற்றுநோய் கட்டியாகத் திரளாது. தனித்தனி செல்களாகச் சுவருக்குள் ஊர்ந்து பரவும், போகிற வழியெல்லாம் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் நாரைப் போட்டுக்கொண்டே போகும். இரைப்பைச் சுவர் தடித்து, தோல் பை மாதிரி விறைத்து, விரிய முடியாமல் ஆகிவிடும். நோயாளிக்குக் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், எடை குறையும். எண்டோஸ்கோப்பி செய்யும் மருத்துவர் காற்றை ஊதுவார், இரைப்பை விரியாது; ஆனால் உள்சுவரின் மேற்பரப்பில் புண்ணோ கட்டியோ தெளிவாகத் தெரியாமலும் இருக்கலாம். மேலாகக் கிள்ளி எடுத்த பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை என்று வந்துவிடுவதும் உண்டு, ஏனென்றால் நோய் அதற்கு அடியில் இருக்கிறது. பயாப்ஸி நார்மல், ஆனால் தொந்தரவு குறையவில்லை, எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றால் ஆழமாக மறுபடி எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தயங்கவே கூடாது.

பெருங்குடல் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று இருக்கிறது. குடல் புற்றுநோய்களை மரபணுச் செயல்பாட்டை வைத்து 2015-ல் நான்கு வகையாகப் பிரித்தார்கள். நான்காவது வகை மோசமானது, அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இந்த வகை. இந்த வகைக் கட்டிகளில் படல செல்லின் அடையாளங்கள் குறைந்து இணைப்புத் திசு செல்லின் அடையாளங்கள் தூக்கலாக இருந்தன. புற்றுநோய் செல்லே உருமாறி இணைப்புத் திசு செல் போல ஆகி ஓடுகிறது என்று பலர் விளக்கம் சொன்னார்கள். இத்தாலியின் டூரின் பகுதியைச் சேர்ந்த ஒரு குழு அதைச் சோதிக்க ஓர் அருமையான வழி கண்டது. மனிதரின் குடல் கட்டியை எலிக்குள் வைத்து வளர்த்தால், கொஞ்ச நாளில் புற்றுநோய் செல்கள் மனிதருடையதாகவே இருக்கும், ஆனால் சுற்றியுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்கள் எல்லாம் எலியினுடையதாக மாறிவிடும். இப்போது அந்த ஆபத்தான மரபணுக்கள் எந்த உயிரினத்தின் செல்லில் வேலை செய்கின்றன என்று பார்த்தால் போதும். பார்த்தார்கள், பெரும்பாலும் எலி! அதாவது அந்த அடையாளங்கள் புற்றுநோய் செல்லிலிருந்து வரவில்லை, கட்டிக்குள் இருந்த கேஃப்களிலிருந்து வந்தவை. பார்சிலோனாவில் இன்னொரு குழுவும் அதே 2015-ல் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தது. நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்லும் தகவல் புற்றுநோய் செல்லில் இருப்பதைவிட அதைச் சுற்றியிருக்கும் சாதாரண செல்லில் அதிகம் இருக்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம்.

இதற்கு விலை உயர்ந்த மரபணுச் சோதனைதான் வேண்டும் என்றும் இல்லை. வழக்கமான சாய ஸ்லைடிலேயே நார் எவ்வளவு, புற்றுநோய் எவ்வளவு என்று கண்ணால் கணிக்கும் முறையை நெதர்லாந்தின் லைடன் குழு உருவாக்கியது. பாதிக்கு மேல் நார் என்றால் குடல் புற்றுநோயில் திரும்ப வரும் அபாயம் கூடுதல்.

வேலியைப் பிடுங்கிய கதை

இவ்வளவும் படித்தபின் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: அந்த நாரையும் ஃபைப்ரோபிளாஸ்ட்டையும் அழித்துவிட்டால்? ஆராய்ச்சியாளர்களுக்கும் அதுவே தோன்றியது. 2009-ல் டேவிட் டூவ்சனின் குழு, கேஃப்களை ஊக்குவிக்கும் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் பாதையைத் தடுக்கும் மருந்தைக் கீமோவோடு சேர்த்துக் கணையப் புற்றுநோய் எலிகளுக்குக் கொடுத்தது. நார் குறைந்தது, ரத்தக் குழாய் பெருகியது, மருந்து உள்ளே போனது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. பெரிய நம்பிக்கையோடு மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. 2012-ல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள், காரணம், புது மருந்து சேர்த்து வாங்கியவர்கள் கீமோ மட்டும் வாங்கியவர்களைவிட மோசமானார்கள்.

ஏன் என்பதற்கு விடை 2014-ல் கிடைத்தது. அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், ஒன்று எலிக் கணையத்தின் மயோஃபைப்ரோபிளாஸ்ட்களையே அழித்தும் மற்றது ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை மரபணு வழியாக நீக்கியும், ஒரே விஷயத்தைக் கண்டன: நார் குறைந்தது, ஆனால் கட்டி இன்னும் வெறியோடு பரவி எலிகள் சீக்கிரமே செத்தன. வேலி பயிரை மேய்கிறது என்று வேலியைப் பிடுங்கினால், அந்த வேலி இத்தனை நாளும் உள்ளேயிருந்த மாட்டையும் அடைத்து வைத்திருந்தது அப்போதுதான் தெரிகிறது.

ஹையலூரோனானைக் கரைக்கும் நொதி ஒன்றை மருந்தாக்கிச் செய்த பெரிய மூன்றாம் கட்டச் சோதனையும் 2019-ல் தோற்றது. குடல் புற்றுநோயில் கேஃப்களின் மேல் இருக்கும் எஃப்ஏபி என்ற புரதத்தைக் குறிவைத்த ஆன்டிபாடியும் 2003-லேயே பலன் தரவில்லை. எஃப்ஏபி உள்ள செல்கள் எலும்பு மஜ்ஜையிலும் தசையிலும் இருக்கின்றன என்பதும், எலிகளில் அவற்றை அழித்தால் ரத்தசோகையும் தசை இழப்பும் வருகின்றன என்பதும் பின்னால் தெரிந்தது.

இதற்கப்புறம்தான் கேஃப் என்பது ஒரே ஜாதி செல் இல்லை என்ற புரிதல் வலுத்தது. 2017-ல் டூவ்சன் குழு இரண்டு வகையைப் பிரித்துக் காட்டியது. புற்றுநோய் செல்லை ஒட்டியே இருந்து நாரைப் போடுபவை ஒரு வகை. சற்றுத் தள்ளி இருந்து இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருட்களைச் சுரப்பவை இன்னொரு வகை. 2019-ல் டி செல்களுக்கு அன்னியப் பொருளைத் தூக்கிக் காட்டும் அடையாளம் கொண்ட மூன்றாவது வகையும் சேர்ந்தது. இவை நிலையான பிரிவுகளும் அல்ல, டிஜிஎஃப்-பீட்டா அதிகமானால் முதல் வகையாகவும், இன்டர்லூக்கின்-1 அதிகமானால் இரண்டாம் வகையாகவும் ஒரே செல் மாறிக்கொள்ளும். ஆகவே இன்றைய முயற்சிகளில் பலவும் கேஃப்களைக் கொல்வதை விட்டுவிட்டு அவற்றைத் திரும்பத் தூங்கவைக்கப் பார்க்கின்றன. இது சரியான திசை என்றே நினைக்கிறேன், ஆனால் வழக்கமான சிகிச்சையாக இன்னும் எதுவும் கைக்கு வந்துவிடவில்லை.

ஒரு விஷயம் மட்டும் நோயாளிகளுக்குப் பயன்படும் கட்டத்துக்கு வேகமாக வந்திருக்கிறது, ஸ்கேன். வழக்கமான பெட் ஸ்கேன் சர்க்கரையை அதிகம் உண்ணும் செல்களைக் காட்டும். இரைப்பையில் வரும் சில வகைப் புற்றுநோய்கள் சர்க்கரையை அவ்வளவாக எடுப்பதில்லை, அதனால் தப்பிவிடும். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 2018 வாக்கில், எஃப்ஏபி-யோடு போய் ஒட்டும் சிறு மூலக்கூறில் கதிரியக்க காலியத்தைச் சேர்த்து ஸ்கேன் செய்யும் முறை வந்தது. இது கேஃப்களைப் பளிச்சென்று காட்டுகிறது. இரைப்பைப் புற்றுநோய் வயிற்று உறையில் பரவியிருப்பதைப் பழைய ஸ்கேனைவிட நன்றாகக் காட்டுகிறது. ஆனால் ஆறிக்கொண்டிருக்கும் காயம், மூட்டு அழற்சி, கணைய அழற்சி இவையும் அதில் ஒளிரும், ஏனென்றால் அங்கேயும் விழித்திருப்பது இதே செல்தான்.

உங்கள் வீட்டில் யாருடைய ரிப்போர்ட்டிலாவது டெஸ்மோபிளாஸ்டிக் ரியாக்‌ஷன் என்று எழுதியிருந்தால் இந்த நார்ப் பெருக்கத்தைத்தான் சொல்கிறார்கள். குடலின் உள்சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சியான பாலிப்பை அகற்றிச் சோதிக்கும்போது இது முக்கியமான தடயம்: புற்றுநோய் உள்சுவரைத் தாண்டி அடுத்த அடுக்குக்குள் நிஜமாகவே நுழைந்துவிட்டதா, அல்லது பாலிப் முறுக்கிக்கொண்டதில் சாதாரணச் சுரப்பி உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்ற சந்தேகம் வரும்போது, சுற்றிலும் இந்த நார் இருந்தால் நிஜமான ஊடுருவல் என்ற பக்கம் நோயியல் மருத்துவர் சாய்வார். அதைப் படித்துவிட்டு நாரைக் கரைக்கும் என்று இணையத்தில் விற்கும் நொதி மாத்திரைகளை வாங்கிக் கொடுக்காதீர்கள். இதற்கென்றே உருவாக்கி ஊசியில் ஏற்றிய நொதியே சோதனையில் தோற்றிருக்கிறது. வைட்டமின் டி போன்ற ஒரு மருந்து எலிகளின் நட்சத்திர செல்களை அமைதிப்படுத்தியது உண்மை, 2014-ல் வந்த ஆய்வு அது, ஆனால் அதை நம்பி வைட்டமின் டி மாத்திரையை அளவில்லாமல் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். எதைச் சேர்ப்பதாக இருந்தாலும் கீமோ கொடுக்கும் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.